அடிவயிற்றில் 19 காயங்கள்

காரின் அடியில் பெயிண்ட் அடித்து முடித்த பிறகு போன முதல் நெடும்பயணம், போக வர 600 கிலோமீட்டர் இருக்கும். திரும்பி வந்த மறுநாள் காலை பல்கூடத் தேய்க்காமல் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு அடியில் நுழைந்தேன். எண்ணிப் பார்த்தால் 19 இடத்தில் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. சிலது கடுகளவு, சிலது மிளகளவு, ஒன்று மட்டும் சுண்டுவிரல் நகம் அளவு. இரண்டு இடத்தில் நிறத்துக்கு அடியில் இருக்கும் பிரைமரும் போய் வெறும் தகடு பல்லிளித்தது. காரின் அடிவயிற்றைப் பார்க்கப் போனவனுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது.

இது பழைய கார். அடித்தளம் முழுவதையும் வெறும் தகடு தெரியும்வரை சுரண்டி, துருப்பிடித்த துண்டுகளை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து, எபாக்ஸி பிரைமர் அடித்து, அதற்கு மேல் பாடியின் அதே வெளிர் கிரீம் நிறத்தை அடியிலும் அடித்திருந்தோம். மாதக்கணக்கில் வேலை. என் மனைவி ஒருநாள் குனிந்து பார்த்துவிட்டு, "அடியில போய் இவ்வளவு பளபளன்னு அடிச்சிருக்கீங்களே, ரோட்டைத் தவிர யாரு இதைப் பார்க்கப் போறா?" என்றாள். நியாயமான கேள்விதான். பெயிண்டர் அண்ணனும் கிட்டத்தட்ட அதையேதான் வேறு மாதிரி சொன்னார்: "தம்பி, பேசாம கறுப்பா அண்டர்கோட் அடிச்சு விட்டுடலாம், எல்லாத்தையும் மூடிடும்."

எனக்குப் பயமே அந்த 'மூடிடும்' என்ற வார்த்தைதான். இதற்கு முன் வைத்திருந்த கார், வாங்கும்போதே அடியில் புதுக் கறுப்பு அடித்து, பார்க்க லட்சணமாக இருந்தது. இரண்டு மழைக்காலம் போனதும் ஓரிடத்தில் லேசாக உப்பலாகத் தெரிகிறதே என்று திருப்புளியால் தட்டினேன், திருப்புளி நேராக உள்ளே போய், காலடி மிதியடியைத் தூக்கிக்கொண்டு நின்றது. மேலே கறுப்புத் தோல் மட்டும் அப்படியே இருந்தது, உள்ளே தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிட்டது. தார் சேர்ந்த மலிவான அண்டர்கோட் காலப்போக்கில் காய்ந்து இறுகும், இறுகியதும் கல் பட்ட இடத்தில் விரிசல் விடும், அந்த மயிரிழை விரிசல் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வர வழி கிடையாது. துரு என்பது தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும் பொருள் என்பதால் கோட்டிங்கை மேலும் மேலும் தள்ளிப் பிரித்துக்கொண்டே போகும். ஒரு வருடம் கழித்து நீங்கள் பார்க்கும்போது கறுப்பு கறுப்பாகவே இருக்கும், உள்ளே குடும்பமே காலியாகியிருக்கும்.

அதனால்தான் இந்த முறை வெளிர் நிறம். வெளிர் நிறத்தில் எதுவும் ஒளிய முடியாது. துருவின் முதல் பழுப்புக் கோடு, எஞ்சின் ஆயில் கசிவு, பிரேக் ஆயில் ஈரம் எல்லாம் டார்ச் அடித்த உடனே தெரியும். அப்படியானால் எனக்கு வேண்டிய பாதுகாப்பு இரண்டு வேலை செய்ய வேண்டும்: கல்லைத் தாங்க வேண்டும், அடியில் இருப்பதை மறைக்கவும் கூடாது. இந்த இரண்டும் ஒரே டப்பாவில் கிடைக்காது என்று புரிந்துகொள்ள எனக்கு ஒரு வருடம் ஆனது.

முதலில் பெயிண்ட் என்பது எவ்வளவு மெல்லிசு என்று பார்ப்போம். தொழிற்சாலையில் முழு பாடியையும் தொட்டியில் முக்கி மின்சாரம் செலுத்தி ஒட்டவைக்கிற முதல் பூச்சு சுமார் 20 மைக்ரான் கனம் (ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்). அதற்கு மேல் பிரைமர், நிறம், நிறமில்லாத மேல்பூச்சான கிளியர் எல்லாம் சேர்ந்தாலும் வெளிப்புறத்தில் மொத்தம் 100 முதல் 150 மைக்ரான்தான், அதாவது நாம் எழுதுகிற சாதாரணத் தாள் ஒன்றின் கனம், அல்லது ஒன்றரைத் தாள். இதை நம்பித்தான் கல் பறக்கிற ரோட்டில் போகிறோம். தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும் என்பதால்தான் அடியில் பல இடங்களில் ரப்பர் மாதிரியான பிவிசி பூச்சைத் தடிமனாக அடித்து, இணைப்புகளில் சீலர் வைத்துவிடுகிறார்கள். அந்தப் பூச்சு கல் பட்டால் உடையாது, அமுங்கி மீளும். நானோ அதையெல்லாம் சுரண்டி எறிந்துவிட்டு, ஹார்டனர் கலந்து அடிக்கிற, கண்ணாடி மாதிரி இறுகிய 2கே பெயிண்டை அடித்து வைத்திருந்தேன். 19 காயம் வந்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை, குறைவாக வந்ததே என்றுதான் ஆச்சரியப்பட வேண்டும்.

அன்று காலை செய்த ஒரே உருப்படியான காரியம், ஒரு தாளில் காரின் அடிப்பக்கத்தை வரைந்து காயங்களைப் புள்ளி வைத்ததுதான். புள்ளிகள் சும்மா சிதறிக் கிடக்கவில்லை. முன்சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் வளைவின் அடிப்பகுதியில் 6, கதவுகளுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டிச் சட்டத்தின் அடி விளிம்பில் 4, பின்சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் முகத்தில் 5, சக்கரத்தைக் கீழிருந்து தாங்கும் லோயர் ஆர்ம்களின் முன்பக்கத்தில் 3, பெட்ரோல் டேங்கின் முன் விளிம்பில் 1. நடுவில் அகலமாகக் கிடக்கும் தரைத் தகட்டில் ஒன்றுகூட இல்லை. யோசித்தால் காரணம் எளிது. நம் வண்டியின் அடியில் அடிக்கிற கற்களில் பெரும்பாலானவை நம் சக்கரமே எறிகிறவை. டயரின் பட்டன் இடுக்கில் மாட்டிய ஜல்லி, கிட்டத்தட்ட வண்டி போகிற அதே வேகத்தில் பின்பக்கமாகத் தெறிக்கும். வேகத்தை 60-லிருந்து 90-க்கு ஏற்றினால் கல்லின் வேகம் ஒன்றரை மடங்குதான் கூடும், ஆனால் அது அடிக்கிற ஆற்றல் இரண்டேகால் மடங்காகும். அதனால் புதிதாக ஜல்லி தூவிய ரோட்டில் மெதுவாகப் போவதைவிட நல்ல அண்டர்கோட் கிடையாது என்பது என் கட்சி, இதைச் சொன்னால் யாரும் கேட்பதில்லை.

உங்கள் வண்டியில் கல் எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்ளக் காயம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அடியை நன்றாகக் கழுவிவிட்டு ஒரு ஈர ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து குனிந்து பாருங்கள். சேறு எங்கே தடிமனாக அடித்திருக்கிறதோ அங்கேதான் கல்லும் அடிக்கும்.

இந்த வரைபடம் கைக்கு வந்ததும் குழப்பம் பாதி தீர்ந்தது. கல் நேரடியாக அடிக்கிற இடம் ஒரு வகை, தண்ணீரும் சேறும் மட்டும் படுகிற தரைத் தகடு இன்னொரு வகை, பெட்டிச் சட்டத்தின் உட்புறம் மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே மருந்தைப் போட நினைத்ததுதான் என் தப்பு.

கல் அடிக்கிற இடத்துக்கு நான் கடைசியில் போனது ஒளி புகும் பெயிண்ட் பாதுகாப்பு ஃபிலிம். பாலியூரிதேனால் ஆனது, பொதுவாக 150 முதல் 200 மைக்ரான் கனம், அதாவது பெயிண்ட் அனைத்தையும் சேர்த்தாலும் அதைவிடத் தடிமன். பானெட்டில் ஒட்டுவதற்கென்று விற்பார்கள், அடியில் ஒட்டக்கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. ஆனால் சமதளமான, லேசாக வளைந்த இடங்களில்தான் ஒழுங்காக உட்காரும். ஸ்பாட் வெல்டிங் மேடுகள், இணைப்புக் கோடுகள், போல்ட் தலைகள் உள்ள இடத்தில் இழுத்து ஒட்டினால் ஒரு வாரத்தில் தூக்கிக்கொண்டு, இடையில் மண் புகுந்து, ஒட்டாமல் விட்டிருந்தால் இருந்திருப்பதைவிட மோசமாகிவிடும். சில விஷயங்களை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். மூலைகளை வட்டமாக வெட்ட வேண்டும், கூரான மூலைதான் முதலில் உரியும். ஓரம் கல் வரும் திசையைப் பார்த்து முடியக்கூடாது, முடிந்தால் விளிம்பைத் தாண்டி மடித்து உள்ளே கொண்டுபோய்விட வேண்டும். கீறல் தானாக ஆறும் ஃபிலிம் வாங்கினால் அது சூடு பட்டால்தான் ஆறும், வெயிலே படாத அடிப்பக்கத்தில் கைபொறுக்கும் வெந்நீரை ஊற்றித்தான் ஆற்ற வேண்டும். புதுப் பெயிண்ட் மேல் உடனே ஒட்டவும் கூடாது, கரைப்பான் ஆவியாகி வெளியேற ஒரு மாதமாவது விட வேண்டும்.

என் பெரிய முட்டாள்தனம் வேறு. முதலில் தரைத் தகட்டுக்கு மெழுகு ஸ்பிரே அடித்துவிட்டு, அடுத்த வாரம் ஓரங்களுக்கு ஃபிலிம் ஒட்ட உட்கார்ந்தேன். ஸ்பிரேயின் மென்தூறல் கண்ணுக்குத் தெரியாமல் அக்கம்பக்கமெல்லாம் படிந்திருந்தது, ஃபிலிம் ஒட்டுவேனா என்றது. எல்லாவற்றையும் மெழுகு நீக்கும் திரவத்தால் மூன்று முறை துடைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் இன்னொரு முறை துடைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. ஃபிலிம் முதலில், மெழுகு பிறகு. வரிசை மாறவே கூடாது.

மட் ஃபிளாப் இல்லாவிட்டால் முன்சக்கரத்துக்குப் பின்னால் உடனே மாட்டிவிடுங்கள், இருக்கிறதிலேயே குறைந்த செலவில் அதிகப் பயன் தருவது அதுதான். ஒரே ஒரு எச்சரிக்கை, ஃபிளாப்புக்கும் பாடிக்கும் நடுவில் மணல் புகுந்தால் அது அதிர்ந்து அதிர்ந்து உப்புத்தாள் மாதிரி பெயிண்டைத் தேய்த்தே தீர்த்துவிடும். நான் முதலில் மாட்டியதைக் கழற்றிப் பார்த்தபோது பின்னால் நாலு அங்குலத்துக்கு பிரைமர் தெரிந்தது. இப்போது ஃபிளாப் உட்காரும் இடத்தில் முதலில் ஒரு துண்டு ஃபிலிம், அதற்கு மேல் ஃபிளாப்.

பளபளப்பு முக்கியமில்லை, நிறம் மட்டும் தெரிந்தால் போதும் என்பவர்களுக்கு இன்னொரு நல்ல வழி இருக்கிறது. கல் அடிக்கிற பகுதியில் பிரைமருக்கு மேல் சொரசொரப்பான ஸ்டோன் கார்ட் பூச்சை அடித்து, அது காய்ந்ததும் அதன் மேல் பாடி நிறத்தை அடிப்பது. பெயிண்ட் ஏற்கும் வகைதானா என்று டப்பாவில் பார்த்து வாங்க வேண்டும், தார் வகையின் மேல் பெயிண்ட் நிற்காது. மறுபடி ஒரு காருக்குச் செய்வதானால் பின்சக்கர முகத்துக்கு இதைத்தான் செய்வேன், ஃபிலிம் வெட்டிக்கொண்டு மல்லுக்கட்ட மாட்டேன். மேலே 2கே நிறமோ கிளியரோ அடிப்பதாக இருந்தால் மட்டும் அதற்கான வசதி உள்ள பெயிண்டரிடம் விட்டுவிடுங்கள். அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலுக்கு ஆகாத சமாச்சாரம், துணி மாஸ்க் கட்டிக்கொண்டு வீட்டு ஷெட்டில் அடிக்கிற வேலை அல்ல.

தரைத் தகட்டுக்கு ஒளி புகும் மெழுகு. இது இறுகவே இறுகாது என்பதுதான் இதன் சிறப்பு. கல் பட்டால் விரிசல் விடாமல் ஒதுங்கும், சின்னக் கீறலானால் பக்கத்தில் இருப்பது மெல்ல ஊர்ந்து வந்து மூடிக்கொள்ளும். லேசான தேன் நிறம், அடியில் கிரீம் நிறம் நன்றாகவே தெரிகிறது. வாரக்கணக்கில் பிசுபிசுவென்று இருந்து தூசியைப் பிடித்துக்கொள்ளும், ஷோவுக்குக் கொண்டுபோகிற காருக்கு இது பிடிக்காது, ஓட்டுகிற காருக்குப் பாதகமில்லை. அடிப்பதற்கு முன் டப்பாவை வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்தால் நன்றாகப் பரவும். ஒரே தடியான கோட்டுக்குப் பதிலாக இரண்டு மெல்லிய கோட். அடியைக் கழுவிய அன்றே அடிக்காதீர்கள், இணைப்புகளுக்குள் போன தண்ணீர் காய ஒரு நாள் முழுக்க, முடிந்தால் இரண்டு நாள் விடுங்கள். ஈரத்தின் மேல் மெழுகு பூசினால் துருவுக்குப் போர்வை போர்த்திவிட்டதாகத்தான் ஆகும்.

லானோலின் வகையையும் ஒரு பக்கத்தில் சோதித்துப் பார்த்தேன். ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கிற கொழுப்பு அது. துருவைத் தடுப்பதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இடுக்குகளுக்குள் மெழுகைவிட நன்றாகவே ஊர்கிறது. ஆனால் இரண்டு வாரம் காருக்குள் ஏறும்போதெல்லாம் மழையில் நனைந்த ஆட்டு மந்தை பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதுபோல் ஒரு வாசம். வீட்டில் யாரும் ஏற மறுத்துவிட்டார்கள். வாசனை போனபிறகு ஏறிக்கொண்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எதை அடித்தாலும் அடிக்கக்கூடாத இடங்கள் உண்டு: சைலன்சர் குழாய், அதில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பிரேக் டிஸ்க், காலிப்பர், சக்கர வேக சென்சார்கள், மின் இணைப்புகள், ரப்பர் புஷ்கள். எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதிவிடும். கன்வெர்ட்டர் ஓடும்போது பல நூறு டிகிரி சூடேறும், அதில் மெழுகு பட்டால் புகை மட்டும் வந்தால் உங்கள் நல்ல நேரம். செய்தித்தாளும் மாஸ்கிங் டேப்பும் போட்டு மூடுவதற்கு ஆகிற நேரம் அடிப்பதற்கு ஆவதைவிட மூன்று மடங்கு, அதில் அவசரப்படாதீர்கள். அப்புறம், ஜாக்கை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. கெட்டியான சமதரையில், உறுதியான ஜாக் ஸ்டாண்டில் இறக்கி, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக்கொடுத்து, வண்டியை ஒருமுறை பலமாக ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும்.

பெட்டிச் சட்டத்தின் உட்புறத்தில் கல் படாது, ஆனால் பழைய கார்கள் சாவது அங்கேதான். சுற்றிலும் பீய்ச்சும் நாசில் வைத்த நீளக் குழாயைச் சட்டத்தில் உள்ள துளை வழியாக உள்ளே விட்டு, இழுத்துக்கொண்டே உட்குழிகளுக்கென்றே விற்கிற கேவிட்டி மெழுகு அடிக்க வேண்டும். அடித்தபிறகு கீழே உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். அந்தத் துளை அடைபட்டால் சட்டம் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். பின்னாளில் அந்த இடத்தில் வெல்டிங் வேலை வந்தால் உள்ளே மெழுகு இருக்கிறது என்று வெல்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள், அது தீப்பிடிக்கும்.

பனிக்காலத்தில் ரோட்டில் உப்புத் தூவுகிற ஊரிலோ, கடலோரத்திலோ ஓட்டுகிறவர்களுக்குக் கல்லைவிட உப்புதான் எதிரி. சாதாரண உப்பு காற்றில் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். ரோட்டில் தூவுகிற மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதாவது மழையே இல்லாத நாளிலும் உங்கள் கல் காயத்தின் மேல் ஒரு துளி உப்புநீர் உட்கார்ந்தே இருக்கும். இதற்கு மருந்து கழுவுவது மட்டும்தான். தோட்டத்துக்குத் தண்ணீர் தெளிக்கும் சுழல் தெளிப்பானைக் காருக்கு அடியில் வைத்து இருபது நிமிடம் ஓடவிட்டு, நடுவில் வண்டியை ஒரு முறை நகர்த்தி வையுங்கள், நீங்கள் படுக்கவே வேண்டாம். பிரஷர் வாஷர் என்றால் ஒரு அடி தள்ளியே பிடியுங்கள், இல்லாவிட்டால் கல் செய்யாத வேலையை நீங்களே செய்துவிடுவீர்கள்.

அந்த 19 காயங்களை எப்படிச் சரிசெய்தேன் என்று கேட்டால், பொறுமையாகத்தான். கொழுப்பு நீக்கித் துடைத்து, தளர்ந்த ஓரங்களை கத்தி முனையால் எடுத்து, துருப் புள்ளி இருந்த இரண்டையும் தகடு வெள்ளையாகும்வரை சுரண்டி, பல்குச்சியால் எபாக்ஸி பிரைமரைத் தொட்டு வைத்து, மறுநாள் நிறம், அதற்கு மறுநாள் இன்னொரு தொடுதல். குனிந்து உற்றுப் பார்த்தால் தெரியும். ரோடு உற்றுப் பார்க்காது.

இந்த மழைக்காலம் முடிந்து போன வாரம் மறுபடி படுத்துப் பார்த்தேன். ஃபிலிமில் நிறைய அடி, எதுவும் பெயிண்ட்டைத் தொடவில்லை. ஃபிலிம் ஒட்ட முடியாத லோயர் ஆர்மில் இரண்டு புதுக் காயம். பின்சக்கர முகத்தில் ஃபிலிமின் ஒரு மூலை தூக்கியிருந்தது, அதை வெட்டி எடுத்துவிட்டு வேறு ஒட்ட வேண்டும். டார்ச்சை அணைக்கப் போகும் நேரத்தில் எஞ்சினுக்குப் பின்னால் அந்தக் கிரீம் நிறத்தில் நீளமாக ஒரு பழுப்புக் கோடு. துரு என்று நினைத்துப் பகீரென்றது. விரலால் தொட்டால் ஆயில், எஞ்சின் ஆயிலை வடிக்கத் திறக்கும் சம்ப் பிளக்கில் இருந்து சொட்டுச் சொட்டாகக் கசிந்து காற்றில் பின்னால் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுக்குத்தான் வெள்ளையா அடிச்சீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பிளக்குக்குப் புது வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை மாற்ற வேண்டும்.